கோட்டிங்குக்கு அடியில் ஒரு கோடு

கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோவை மதினி அடுப்பாக மாற்றியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. தட்டுகளைக் கழற்றி, சூடு வெளியேறாமலிருக்க உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்துத் தகடு அடித்து, ஹீட்டர் காயில் பொருத்தி, சேலைகள் இருந்த இடத்தில் ஜீப் பம்பர்களைத் தொங்கவிட்டார். அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மதினி கோயம்புத்தூரில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். டிகிரி முடித்த பெண்ணாக வீட்டில் சும்மா இருந்த நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

சின்னமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. பழைய பெயிண்டை உரித்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ஸ்ப்ரே துப்பாக்கியால் பெயிண்ட் பவுடரைத் தூவினால், மின்சாரத்தின் இழுப்பில் அது இரும்பின்மேல் மாவு போல ஒட்டிக்கொள்ளும். பீரோவுக்குள் வெந்ததும் உருகி, வழவழவென்று ஒரே தோலாக மூடிவிடும். மூடிய பிறகு அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. கோம்பையிலிருந்து ஒரு ஜீப்காரர் ஐந்து ரிம்களைக் கொண்டுவந்தார். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறுகிற வண்டி. நான்கை ஒரு நாள் காலையில் முடித்துக் கொடுத்தோம். ஸ்டெப்னிக்கான ஐந்தாவதை அன்று மத்தியானம் மதினி உரித்துக்கொண்டிருந்தார். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு.

"காலைல குடுத்த நாலையும் பாத்தியா?"

"ஒண்ணுல கோடு மாதிரி இருந்துச்சு மதினி. கீறல்னு நினைச்சேன்."

அது முழு உண்மையில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்கும். ஜீப்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கோட்டின் மேலேயே தூவிவிட்டேன்.

மதினி என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "நாளைக்கு விடியக்காலம் அந்த வண்டியில பன்னெண்டு பேரு மலையேறுவாக. கிளம்பு" என்றார். அரம், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், சாக்பீஸ் மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு மொபெட்டில் கோம்பைக்குப் போனோம்.

புது டயர் மாட்டிய வண்டி வீட்டு முன்னால் பளபளவென்று நின்றது. மறுநாள் வண்டி உண்டா என்று கேட்க வந்த பெண்கள் நான்கைந்து பேர் அங்கனயே நின்றிருந்தார்கள். மதினி விஷயத்தைச் சொன்னதும் ஜீப்காரர் சிரித்தார். "என்ன தாயி, நீங்களே அடிச்சுட்டு நீங்களே சுரண்ட வந்திருக்கீக?"

"நாங்க அடிச்சதுதானண்ணே. நாங்களே எடுக்கிறோம். சக்கரத்தக் கழட்டுங்க."

நான் காட்டிய ரிம்மில் மதினி கோட்டிங்கை அராவினார். வெறும் இரும்பு தெரிந்ததும் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்தார். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெடிப்புக்குள் இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மெல்ல ஓடியது.

ஜீப்காரரின் சிரிப்பு போய்விட்டது. "பெயிண்ட உரிச்சப்ப இது கண்ணுல படலையா?"

"ரெண்டு பேருமே கவனிக்கலண்ணே" என்றார் மதினி.

அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "இல்லண்ணே. மதினி பாக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் மேல அடிச்சேன்" என்றேன்.

நின்றிருந்தவர்களில் ஒரு பெண், "அப்ப நாளைக்கு வேலைக்குப் போக முடியாதா?" என்று கேட்டார். ஜீப்காரர், "ரிம்மு மாத்தாம வண்டி நகராது ஆத்தா" என்றார். திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தியபோது மதினி என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார்.

இரண்டு மாதம் ஜீப் வேலை எதுவும் வரவில்லை. ஊரில் பேச்சு பரவிவிட்டது என்றுதான் நினைத்தோம். பரவித்தான் இருந்தது. ஒருநாள் அதே ஜீப்காரர் இன்னொருவரின் ரிம்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மதினி எதிரே நிற்க, அவரைத் தாண்டி வந்து முதல் ரிம்மை என்னிடம் நீட்டினார். "உள்ளதச் சொல்லு தாயி" என்றார்.

இன்று தேனியில் எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. ஆள் நுழைகிற அளவுக்கு அடுப்பும் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் நிறம் கேட்கிறார்கள். நான் முதலில் உரித்துப் பார்க்கிறேன். வெடிப்பு இருந்தால் அடித்துத் தர மாட்டேன் என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு எடுத்துப் போகிறார்கள். போகட்டும். எந்த ரிம்மில், எந்த இடத்தில் என்று காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.