தெற்கே வளைந்த கோடு

பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கிறவன் வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கக் கூடாது. ஒன்று தீபாவளிக்கு முன்னால். நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று தைப்பூசத்துக்கு முன்னால். பத்துமலையில் மொட்டை போட எத்தனை கை இருந்தாலும் போதாது. நடுவில் மிஞ்சுவது கார்த்திகை மாதம். எங்கள் கடலுக்குக் கிறுக்குப் பிடிப்பதும் அதே கார்த்திகையில்தான். வேதாரண்யத்துக்காரனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான், கடை பாஸ் லீவு தருகிறேன் என்றதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நான் வேலைக்காகக் கடல் தாண்டி இங்கே விமானம் ஏறியபோது என் மனைவிக்கு ஐந்து மாதம். மகள் பிறந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. ஊரார் பிள்ளைகளின் தலையைத் தினமும் பிடித்துத் திருப்பி முடிவெட்டுகிறவன் நான். என் பிள்ளைக்கு உச்சியில் சுழி ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "வந்து பாத்துக்குங்க" என்பாள் என் மனைவி. கோபமாகச் சொல்லமாட்டாள். அதுதான் இன்னும் வலிக்கும்.

திருச்சிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சென்னைக்கு, வியாழக்கிழமை காலையில் கிடைத்தது. பாஸ் காஜாங்கிலிருந்து வருகிற மனிதர். நல்லவர்தான், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற இந்த ஊர்க்காரர், பேச்சில் மட்டும் கறார். "இந்த ஃப்ளைட்ட விட்டுட்டா தைப்பூசம் முடிஞ்சுதான் லா. அப்புறம் என்னைய கோவிச்சுக்காத" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தமானுக்கு அந்தப் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றார்கள். திங்கட்கிழமை அது தாழ்வு மண்டலம். செவ்வாய்க்கிழமை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இரண்டு நாளில் இத்தனை பதவி உயர்வு எந்த ஆபீசில் கிடைக்கும்? புதன் விடிந்தபோது அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். புயலாகிவிட்டது, இன்னும் வலுவடையும், வியாழன் விடியற்காலையில் கரையைக் கடக்கும் என்றார்கள். சரியாக நான் புறப்படுகிற நேரம்! என் ராசி அப்படி.

பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அந்த மூன்று நாளும் வேலை பார்த்தேன். கடல் நடுவே ஒரு புள்ளி. அதிலிருந்து கரையை நோக்கிச் சீவாத தலைமுடி மாதிரி பல நிறத்தில் கோடுகள். ஐரோப்பாக்காரன் ஒரு கோடு போடுவான், அமெரிக்காக்காரன் வேறு கோடு போடுவான். எதுவானாலும் கடைசியில் சென்னையில்தான் போய் முட்டியது. யூடியூபில் வானிலை சொல்கிறவர் ஒவ்வொரு தடவையும், "இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது, பாதை மாறலாம்" என்று முடிப்பார். அந்த 'மாறலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஊரில் எட்டரைக்கு அடுத்த அறிக்கை என்றால் இங்கே பதினொன்று. பதினொன்று ஆகும்வரை எனக்கு மூச்சு பாதிதான் ஓடும்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நாற்காலியில் இருந்தவர் சாலாக் செலாத்தானிலிருந்து ரயிலேறி வருகிற அங்கிள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஷேவிங், மீசைக்கு மை. அடர்த்தியான மீசை. அவருக்கு அதில் அத்தனை பெருமை.

"இங்க அந்த மாதிரி பெரிய காத்தெல்லாம் கிடையாது தம்பி. மழ பேஞ்சா கிள்ளான் பக்கம் தண்ணி ஏறும். அவ்ளோதான் லா" என்று கண்ணை மூடியபடி பேசிக்கொண்டிருந்தார். நான் மீசை ஓரத்தை பிளேடால் ஒதுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் போனைப் பார்த்தேன். படம் மாறியிருந்தது. கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து தெற்கே வளைந்திருந்தன. சென்னை தப்பித்தது.

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிளேடு வழுக்கியது. மீசையின் வலது முனையில் ஒரு விரல்கடை அளவு காணவில்லை.

அங்கிள் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். "ஐயோ! என்னப்பா செஞ்சு வச்சிருக்க?"

"மன்னிச்சுக்குங்க அங்கிள். புயல் திரும்பிருச்சு. என் ஃப்ளைட் கிளம்பிரும்!"

"எங்க திரும்பிச்சு?"

"எங்க ஊருக்கு அங்கிள்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, அந்தப் பக்கமும் சமமா எடுத்துரு" என்றார். எழுந்ததும் காசை மேஜையில் வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என்ன ஜென்மம் நான்!

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே கொட்டினேன். "கவலய விடு. சென்னைக்கு இல்லயாம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதான் வருதாம். நாளைக்கு நான் வந்துருவேன்!"

மறுமுனையில் காற்று போனில் உரசியது. பின்னால் மகள் எதற்கோ அடம் பிடித்து அழுதாள்.

"சரிங்க" என்றாள் மனைவி. "பிள்ளைக்கு ரெண்டு துணி எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிடறோம். எல்லாரையும் அங்கதான் வரச் சொல்றாங்க." வைத்துவிட்டாள்.

அப்போதுதான் செருப்பால் அடித்தது போல இருந்தது. ஓட்டு வீட்டில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவன், புயல் அவர்கள் பக்கம் திரும்பியதற்குக் குதித்திருக்கிறேன். திரும்பப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடியும் போட்டேன், அதே குரல். சாயங்காலம் கடையை விட்டு இறங்கி, பக்கத்துக் கோயிலில் போய் நின்றேன். கையைக் கூப்பியாயிற்று. என்னவென்று கேட்பது? புயலை வடக்கே போகச் சொன்னால் தைப்பூசம்வரை நான் இங்கே. தெற்கே வரச் சொல்ல இனி நா எழுமா? ஒன்றும் கேட்காமல் விபூதியைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நெஞ்சு சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

வியாழன் காலை விமானம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதுவரை என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. சென்னையில் தூறல்தான். இறங்கியதும் போட்டேன், ஊரில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. புயல் விடியற்காலையில் கரையைக் கடந்துவிட்டது என்று விமான நிலையத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் திருத்துறைப்பூண்டியோடு நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் ஒரு டிராக்டர், மீதி நடை. மைலோ டின்னும் பொம்மையும் கட்டிய அட்டைப்பெட்டி தலையில். வழியெல்லாம் தென்னைகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. தெரிந்தவர் ஒருவர், "வந்துட்டியாப்பா? உயிருக்கு ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் போச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. எங்கள் வீட்டு ஓடுகள் பாதி அடுத்த வீட்டுக் கொல்லையில் கிடந்தன.

பள்ளிக்கூட வராந்தாவில் அவள் நின்றிருந்தாள், இடுப்பில் மகள். என்னைக் கண்டதும் மகள் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டியை இறக்கி வைத்தேன். வீடு, தென்னை, சாப்பாடு என்று எதையோ கேட்க நினைத்து, வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு போன்ல நான் சந்தோசப்பட்டுட்டேன். இங்கதான் வருதுன்னதும் சந்தோசப்பட்டுட்டேன். என்னைய நீ..."

அவள் சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். வராந்தா முழுக்க வீடிழந்த சனம். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மெதுவா பேசுங்க" என்றாள். "சென்னைக்குப் போயிடக் கூடாது, இங்கயே வந்துடட்டும்னு நானும்தான் ரெண்டு நாளா வேண்டிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."