கடல்பக்கம் கிழக்கு

நிதுர்ஷனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. சித்தாண்டியிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போவான், வெள்ளைக்காரர்களுக்கு அறைச் சாவி கொடுப்பான், பொழுது சாய வீடு திரும்புவான். அவனுக்குப் பெண் பேச யாராவது வந்தால், தாய் இலட்சுமிப்பிள்ளை "எங்கட பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே, உள்ளறையிலிருந்து வரும் வாள்சண்டைச் சத்தம் வெளியே கேட்காதபடி டிவியைக் கூட்டிவிடுவாள்.

அந்தச் சத்தம் 'வெல்மார்' என்ற வீடியோ கேமிலிருந்து வருவது. பாகம் பாகமாக வந்த விளையாட்டு. எல்லாப் பாகங்களும் ஒரே ராச்சியத்தில்தான் நடக்கின்றன, ஆனால் நாடு மட்டும் ஒரு பாகத்தில் இருந்த மாதிரி அடுத்ததில் இருப்பதில்லை. முன்பு ஏரி கிடந்த இடத்தில் காடு நிற்கும். நடந்து போன ஊருக்குக் கப்பல் ஏற வேண்டிவரும். ஏன் இப்படி என்று உலகம் முழுக்க ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் பல நூற்றாண்டுகள் போய்விட்டன என்றது ஒரு கட்சி. பூகம்பம் என்றது இன்னொரு கட்சி. கம்பனிக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொன்னவர்களை யாரும் பந்தியில் சேர்ப்பதில்லை. அதுதான் உண்மையாக இருந்தாலும் அதில் என்ன ருசி?

இதையெல்லாம் தமிழில் பேச ஒரு முகநூல் குழு இருந்தது. நிதுர்ஷன்தான் அதன் தலைவன். ஹோட்டலில் நாள் முழுக்க "யெஸ் சேர்" சொல்பவனை அங்கே கனடாவிலும் மலேசியாவிலும் உள்ளவர்கள் "ஆசான்" என்று அழைத்தார்கள். மனிதனுக்குத் தலைகால் தெரியாமல் போக இவ்வளவு போதும்.

வெல்மாரைப் பற்றி அவன் குழுவில் பேசிப் போடும் வீடியோக்களுக்கு வரைபடம் கீறிக் கொடுத்தவள் காத்தான்குடி ஸுஹைனா. வீட்டிலிருந்தபடியே கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவள். வெல்மாரின் மலைகளையும் துறைமுகங்களையும் அவள் கீறும் அழகுக்காகவே பலர் வீடியோ பார்த்தார்கள். நிதுர்ஷன் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு நன்றியும், படத்தின் மூலையில் அவள் பெயரும்தான். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மலேசியாவில் புதிதாக விளையாட்டு உருவாக்கும் ஒருவர் தன்னுடைய உலகத்துக்கும் வரைபடம் வேண்டுமென்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். அது நிரந்தர வேலையாகும் போலவும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் நிதுர்ஷன் தன் பெரிய கண்டுபிடிப்போடு வந்தான். வெல்மாருக்கு அடியில் ஒரு பூதம் தூங்குகிறது. முதலாம் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் அது புரண்டு படுத்திருக்கிறது. அதனால் முழு நாடும் திசைமாறிவிட்டது. ஆதாரம்? இரண்டாம் பாகத்தில் திசைகாட்டி உண்டு, அதன்படி கடல் மேற்கே. முதலாம் பாகத்தில் திசைகாட்டி இல்லை, ஆனால் கதாநாயகன் கப்பலால் இறங்கும் முதற்காட்சியிலேயே கடல்மேல் சிவப்பாகச் சூரியன் நிற்கிறது. ஆகவே கடல் கிழக்கே.

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவது கடலில், படுவது வயலுக்கு அப்பால். வழி சொல்பவர்கூட "கடல்பக்கம் போங்க" என்றால் கிழக்கே போ என்றுதான் பொருள். கடல்மேல் சூரியனைக் கண்டால் அது விடியல். அவன் வேறு சூரியனைக் கண்டதில்லை.

படத்தைக் கீறத் தொடங்கிய ஸுஹைனா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அது விடியிற நேரம்தானா? பொழுதுபட்டு மஹ்ரிபு தொழுற நேரம் போலயும் கிடக்கே. வாப்பா ஜித்தாவில வேலை செய்யக்குள்ள நாங்க அங்கதான் இருந்த. அங்க சூரியன் கடலுக்குள்ளதான் போகும்."

நிதுர்ஷன் சிரித்தான். "தங்கச்சி, நான் வேலை செய்றதே கடற்கரையில. எனக்குச் சூரியனைக் காட்டித் தாறீங்களா? நீங்க படத்தைக் கீறுங்க, யோசிக்கிறத நான் பாக்கிறன்."

அவள் முதலாம் பாகத்தின் கடலைக் கிழக்கே போட்டாள். அவன் கேட்டபடியே கீறிக் கொடுத்தாள்.

வீடியோ வெளியான அன்று குழுவே கொண்டாடியது. ஆசானை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். அடுத்த நாள் கனடாக்காரர் ஒருவர் சின்ன வீடியோ ஒன்றைப் போட்டார். முதற்காட்சியில் எல்லோரும் அவசரமாக ஊருக்குள் ஓடிவிடுவார்கள். அவர் ஓடவில்லை. துறைமுகத்திலேயே கதாநாயகனை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போயிருக்கிறார். சிவந்த சூரியன் மெல்லக் கடலுக்குள் இறங்கியது. இருட்டியது. வானத்தில் வெள்ளிகள் பூத்தன. இரண்டு பாகத்திலும் கடல் மேற்கேதான். தேசம் புரளவே இல்லை, புரண்டது நிதுர்ஷனின் திசைதான்.

குழுவில் சிரிப்புப் படங்கள் குவிந்தன. "பூதம் எழும்பிட்டுதா ஆசான்?" என்று கேட்டார்கள். ஹோட்டல் மேசைக்குப் பின்னால் நின்றபடியே அவனுக்குக் காது சூடேறியது. அந்தச் சூட்டோடு எழுதினான்: "வரைபடம் கீறித் தந்தவர் கடலைப் பிழையான பக்கம் போட்டுவிட்டார். அதை நம்பித்தான் நான் பேசினேன்."

எழுதும்போதே அது பொய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினான்.

சிரிப்பு அப்படியே ஸுஹைனாவின் பக்கம் திரும்பியது. திசை தெரியாதவளுக்கு எதற்கு வரைபடம், கல்யாண அட்டை அடித்தால் போதாதா என்றார்கள். அவள் ஒரு வார்த்தை திருப்பி எழுதவில்லை. அவள் தன்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று பயந்து பயந்து பார்த்திருந்தவனுக்கு, அவள் வாய் திறக்காதது அதைவிடக் கொடுமையாக இருந்தது. மலேசியாக்காரர் வேறு ஆள் பார்ப்பதாக அவளுக்குச் சொல்லிவிட்டார் என்ற செய்தியும் குழுவிலேயே வந்தது. அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்.

மறுநாள் ஹோட்டலுக்குப் பின்னால், படுக்கை விரிப்புகள் காயும் இடத்தில் நின்று உண்மையை எழுதினான். "பிழை முழுக்க என்னுடையது. ஸுஹைனா முதலே எச்சரித்தார். நான் கேட்கவில்லை. பிறகு பழியையும் அவர் தலையில் போட்டேன்." காறித் துப்பட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அனுப்பினான்.

யாரும் துப்பவில்லை. இதயங்கள் வந்தன. "ஒரு பெண்பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே!" என்றார் ஒருவர். "ஆசான் ஆசான்தான்" என்றார் இன்னொருவர். இல்லை, உண்மையாகவே நான்தான் என்று பதில் எழுதினான். அதற்கும் இதயங்கள் வந்தன. மறுக்க மறுக்க அவன் பெரியவனாகிக்கொண்டே போனான். கடைசியில் மலேசியாக்காரரும் வந்தார்: "தவறிய ஒருவரை இப்படித் தாங்கிப் பிடிக்க யாரால் முடியும்?"

நிதுர்ஷன் ஸுஹைனாவைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, நான் உண்மையச் சொல்லிட்டன். பாத்தீங்களா?"

"பாத்தன் அண்ணா." அவள் குரலில் கோபம் இல்லை. "முந்தி ஒங்களுக்குக் கெட்டிக்காரன் எண்ட பேர் மட்டும்தான். இப்ப நல்லவன் எண்ட பேரும் வந்திட்டு. எனக்குத் திசை தெரியாதவள் எண்டு நீங்க முதல்ல வாங்கித் தந்த பேர்தான் அண்ணா கிடக்கு."

இனிமேல் படத்துக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். நிதுர்ஷன் வெட்கத்தில் கூனிக் குறுகி நின்றான். கையிலிருந்த போனில் அவனைப் பாராட்டி இன்னும் ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.