சம்பந்தியம்மா நூத்த நூல்

செடிச்சாயம் போடுற தொழில்ல, நூலைச் சட்டியில முக்கின நிமிசத்துலயே, என்ன நிறத்துல வருமோன்னு எட்டி எட்டிப் பாக்க ஆரம்பிச்சிருவோம். என்னைய மாதிரி மாட்டிக்கிட்டவுகளுக்கு நான் விளக்கணுமா என்ன?

ஒட்டகத்துக்கு உறவு

விருதுநகர்ல இருக்கிற என் பட்டறைக்கு, சாத்தூர்ல இருந்து எஸ்தர் டீச்சர் வந்தாக. ரிட்டயர் ஆனவுக, பின்னல் வேலையில கெட்டி. பையில இருந்து நாலு சிட்டம் வெள்ளை நூலை, வளையமாச் சுத்தி முறுக்கினதை, எடுத்து வெச்சாக. தொட்டா பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்துச்சு. அல்பாக்கா ரோமமாம். பெரு நாட்டு மலையில மேயுமாம், ஒட்டகத்துக்கு உறவாம், திமில் மட்டும் கிடையாதாம்.

டீச்சர் மக அந்த நாட்டுப் பையனைக் கட்டிக்கிட்டதுல, இவுக கோவிச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கே போகலை. இப்ப மகளுக்குப் பிரசவ நேரம். பையனோட அம்மா தன் வீட்டு அல்பாக்காவைக் கத்தரிச்சு, தானே நூத்து அனுப்பியிருக்காக. அதுல மஞ்சிட்டி வேரு போட்டுச் சிவப்பாக்கி, ஒரு சால்வை பின்னி, அதோடதான் மக புகுந்த வீட்டு வாசலை மிதிக்கணும்னு டீச்சருக்குப் பிடிவாதம். கிளம்புறப்போ சொன்னாக:

"கெட்டுப்போனா வேற வாங்கித் தந்துரலாம்னு நினைச்சுராதம்மா. இது கடையில கிடைக்கிற நூல் இல்லை."

துருப்பிடிச்ச வாளி

என்கிட்ட வேலை பாக்குற பாக்கியம், சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில பல வருசம் மருந்து அடைச்சவ. அங்கன இரும்பு உரசினா தீப்பொறி. அதனால இரும்பைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மஞ்சிட்டிக்கும் ஆகாது, சிவப்பு கருத்துப்போகும். டீச்சர் நூலை, சாயம் பிடிக்கிறதுக்காகப் படிகாரத் தண்ணியில ஊறப்போடுற அவசரத்துல, நான் போயித் துருப்பிடிச்ச வாளியைத் தூக்கிட்டேன். பாக்கியம் வெடுக்குனு பிடுங்கிட்டு பிளாஸ்டிக் வாளியை நீட்டினா. எனக்குக் கோவம் வந்துச்சு. தப்பு என்மேலங்கிறதால இன்னும் கூடுதலாவே வந்துச்சு.

"எங்க கம்பெனியா இருந்தா, உங்களைக் கேட்டுலயே நிப்பாட்டியிருப்பாக யக்கா."

ஆவி

பருத்தி நூலை அடிக்கலாம், பிழியலாம், ஒண்ணும் சொல்லாது. ரோம நூல் அப்படியில்லை. மெதுவாச் சூடேத்தணும், தானா ஆறவிடணும், கிண்டவே கூடாது, இல்லைன்னா சுருங்கிக் கட்டியாயிரும். இதைப் பாக்கியத்துக்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான், முதல்ல ரெண்டு சிட்டத்தை மட்டும் முக்கினேன். அந்த நேரம் பாத்து வேரு லோடு வந்து வாசல்ல நின்னுச்சு. நான் மூட்டையை இறக்கப் போயிட்டேன்.

விறகு திடீர்னு பத்தி எரிஞ்சு, சட்டி குபுகுபுனு ஆவி விட்டிருக்கு. பட்டாசுக் கம்பெனியில புகையைக் கண்டா முதல்ல தண்ணி, அப்புறந்தான் யோசனை. பாக்கியம் ரெண்டு வாளி பச்சைத்தண்ணியைச் சட்டிக்குள்ளயே ஊத்தி, கம்பால கிளறிட்டா. நான் ஓடிவந்து பாக்குறேன், ரெண்டு சிட்டமும் சுருங்கி, இழை பிரிக்க முடியாம ஒரே கட்டி.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஈவு இரக்கம் இல்லாமத்தான் ஏசினேன். அவ காலி வாளியை எடுத்து ஓரமா வெச்சா. என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னா:

"கம்பெனியில ஒரு தடவை இப்படித்தான் யோசிச்சுக்கிட்டு நின்னேன் யக்கா. ரெண்டு பேரு போயிட்டாக."

சாத்தூர் பஸ்

கெட்ட சிட்டத்தையும் நல்ல சிட்டத்தையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். சாத்தூர் வர்றதுக்குள்ள நான் மூணு பொய் தயார் பண்ணிட்டேன். ஒண்ணுக்கும் வேலை வைக்காம, டீச்சர் வீட்டு வாசல்லயே பாக்கியம் முந்திக்கிட்டு, "நான்தான் டீச்சர்"னு நடந்ததைப் பூராவும் சொல்லிட்டா.

டீச்சர் அந்தக் கட்டியை மடியில வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தாக. இதுல கொடுமை என்னன்னா, அம்புட்டு நல்ல சிவப்பு என் சட்டியில அதுக்கு முன்னால விழுந்ததே இல்லை. மிச்சம் ரெண்டு சிட்டத்துல சால்வை வராதுன்னு எங்க மூணு பேருக்குமே தெரியும். சம்பந்தியம்மாகிட்ட என்ன சொல்லப் போறீகன்னு கேட்டேன்.

"நடந்ததைச் சொல்லுவேன். கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு சொல்றதைவிட, இது எம்புட்டோ லேசும்மா."

இத்தனை வருசத்துல நான் கண்டது இம்புட்டுத்தான்: நூலைச் சாயத்துல முக்குறதைவிட, கெடுத்த நூலைக் கையில பிடிச்சுக்கிட்டு பஸ் ஏறுறதுக்குத்தான் இந்தத் தொழில்ல தைரியம் வேணும், அந்த டிக்கெட்டும் நம்ம செலவுதான்.