கிணறு வற்றட்டும் என்று காத்திருந்தவள்

உலகமே எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட, சீக்கிரம் தீர்ந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அந்த எண்ணெய்க் கிணற்றுப் பம்ப் ஆபரேட்டரின் மனைவியாகத்தான் இருக்கும். "பத்து வருஷத்துல இந்தக் கிணறு வத்திடும். அப்புறம் உன் ஊருக்கே போயிடலாம்" என்று சொல்லித்தான் கணவர் அவளை எண்ணெய்க் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்தார். அக்காவோடு நடத்திய தையல் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். மகள் பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கும் போய்விட்டாள். கிணற்றுக்கு மட்டும் இன்னும் பத்து வருஷம் பாக்கி.

எண்ணெயைப் பற்றிப் பத்திரிகையில் எது வந்தாலும் விடமாட்டாள். முப்பது வருஷத்தில் எல்லாம் காலி என்று ஒருவர் எழுதினால், அன்று பாத்திரம் கழுவும்போதுகூடப் பாட்டு வரும். புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள் என்று இன்னொருவர் எழுதினால், அந்த ஆளின் தலையில் குட்ட வேண்டும் போலிருக்கும். ஆனாலும் நியாயம் பார்க்கிறவள். தான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் டீச்சர் இதே முப்பது வருஷத்தைத்தான் சொன்னார் என்று ஞாபகம் வந்து, பத்திரிகையை மடித்து வைத்துவிடுவாள்.

போன வாரம் அக்கா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "கடையில உன் மெஷின் இருக்கற இடத்தை ஒருத்தி கேக்கறா. வர்றியா இல்லையான்னு இந்த மாசத்துக்குள்ள சொல்லிடு."

அதனால், யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கச் சொல்லி வந்த கம்பெனி இன்ஜினியரை அவள் லேசில் விடவில்லை.

"இந்தக் கிணறு நிஜமா எப்ப சார் தீரும்?"

"பத்து வருஷம்ங்கறது, இன்னிக்கு இருக்கற மெஷின வச்சு, இன்னிக்கு விக்கற விலைக்குப் போட்ட கணக்கும்மா. விலை ஏறினா, நல்ல மெஷின் வந்தா, கணக்கும் நீளும். கடைசிச் சொட்டு வரைக்கும் யாரும் எடுக்கறதில்ல. கட்டுப்படியாகலன்னா விட்டுட்டுப் போயிடுவோம். இப்போதைக்கு நல்லாவே கட்டுப்படியாகுது."

சரியான வாதம். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து இன்ஜினியருக்கே பாவமாகிவிட்டது.

"ஊருக்குப் போறதுக்குக் கிணறு எதுக்கும்மா வத்தணும்? உங்க ஊர்ல இருக்கற நம்ம கம்பெனி ஆபீஸுக்கு மாத்தறோம்னு உங்க வீட்டுக்காரரை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சே. அவர்தான் வேண்டாம்னுட்டாரு."

சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இங்க நான் ஆபரேட்டர். உன் ஊருக்கு வந்தா, என்ன வேலை பாத்தாலும் எல்லாருக்கும் தையல்காரி புருஷன்தான். என்னால அது முடியாது."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.