வைக்கோலில் கிடந்த தம்பி

பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். ஜெபம் சொல்லச் சொன்னால்கூடப் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். எழுதத் துணிந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜவ்வாது மலையில் இன்று இரண்டு சபையாரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அதன் முதல் வருஷத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா மலைமேல் பள்ளி விடுதியில் சமையல்காரர், புராட்டஸ்டண்டு. அம்மா அடிவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவின் அப்பா அங்கே கோயில் உபதேசியார். அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மாவோடு அவர் பேசவில்லை. என்னை அவர் பார்த்ததே இல்லை.

ஒருவர் கோயிலுக்கு மற்றவர் போக மாட்டார்கள் என்பதால், பொது இடமாக எங்கள் பள்ளி மைதானத்தில் விழா வைத்தார்கள். பாட்டு எங்கள் ஆட்களுடையது, குடில் அவர்களுடையது என்று பேச்சு. சிலை வைப்பதற்கு எங்கள் பக்கம் முணுமுணுப்பு இருந்தது. தாத்தா வருகிறார் என்று கேட்டதிலிருந்து அம்மா சமையல் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

சாயங்காலம் அத்தை என்னைக் குடில் பார்க்கக் கூட்டிப்போனாள். மாதா, சூசையப்பர், ஆடு, ஒட்டகம் எல்லாம் இருந்தன. நடுவில் வெறும் வைக்கோல்.

"உங்க அம்மா வூட்டு ஆளுங்க ஒட்டகத்தக்கூட மறக்காம எட்தாந்துட்டாங்க. புள்ளய மட்டும் வூட்லயே வுட்டுட்டாங்க பாரு," என்று அத்தை சிரித்தாள்.

அவமானம் அம்மாவுக்கு என்று எனக்குப் பட்டது. பாட்டுக்காரர்கள் பக்கத்தில் பாயில் நாலு மாதத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் பார்க்காதபோது தூக்கிப்போய் வைக்கோலில் படுக்கவைத்தேன்.

தேவதூதர் பாட்டு தொடங்கியதும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு பெரியவர் வெள்ளைப் பட்டுத்துணியில் எதையோ ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். அந்தப் பாட்டு வந்த பிறகுதான் கத்தோலிக்கர் குடிலில் பாலனை வைப்பார்கள் என்பது எனக்கோ அத்தைக்கோ தெரியாது. அவர் குடிலைக் குனிந்து பார்த்து அப்படியே நின்றார். பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்கியது.

"யாரு வூட்டுப் புள்ள இது?"

ஈரக் கையோடு அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எம் புள்ளப்பா."

தம்பி வீறிட்டு அழுதான். தாத்தாவின் இரண்டு கையும் சிலையில் இருந்தன. அதைத் தரையில் வைக்க முடியாது. பக்கத்தில் நின்றவர் அப்பாதான்.

"கொஞ்சம் புடிங்க," என்றார் தாத்தா. அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சிலை கூடாது என்று முந்தின நாள்வரை வாதாடிய அப்பா, கழுத்து நிற்காத பிள்ளையை வாங்குவதுபோல் தலைக்கு அடியில் கைகொடுத்து வாங்கினார். தாத்தா தம்பியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். அவன் அழுகையை நிறுத்தி அவர் காதைப் பிடித்து இழுத்தான். முதலில் எங்கள் போதகர் சிரித்தார், அடுத்து அவர்களுடைய சாமியார்.

"நிறுத்திட்டீங்களே, பாடுங்கப்பா," என்றார் சாமியார்.

இந்தத் தடவை எல்லோரும் பாடினார்கள். அவர்கள் வார்த்தை வேறு, எங்கள் வார்த்தை வேறு, ராகம் ஒன்றுதான். அத்தை குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அப்பா மெதுவாக மண்டியிட்டுப் பாலனை வைக்கோலில் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த மலைக்காரர்கள் கைதட்டினார்கள். மைதானமே அதிர்ந்தது.

தொலைந்த குழந்தைக்கு நான் வழி செய்ததற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நிமிர்ந்து நின்றேன். இவ்வளவு நல்லது நடந்திருக்கும்போது அம்மா ஏன் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறாள் என்று மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் தம்பிக்குச் சளி பிடித்தது. அடிவாரத்துச் சந்தவாசலுக்குப் போய் மருந்து வாங்கி வந்தோம்.