செம்மஞ்சள் டின்

கலவரம் அடங்கியதும் பெயின்ட் நன்றாக விற்கும். அப்படியொரு நாளில் கண்டியில் நான் வேலை பார்த்த பெயின்ட் கடைக்கு, பக்கத்து அம்பிட்டியவில் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்த திருகோணமலை மீனவர் ஒருவர் வந்தார். கடைக்குள்ளும் வெயிலுக்குச் சுருக்கியது போலவே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

பெரிய படகோடு பல நாள் கடலுக்குப் போகிறாராம். பகலில் சிறு வள்ளத்தில் தனியாக மீன்பிடித்து, மாலையில் படகுக்குத் திரும்ப வேண்டும்.

வள்ளத்துக்குப் பூச செம்மஞ்சளில் ஒரு டின்னும் சாம்பல் நிறத்தில் ஒரு டின்னும் எடுத்து வாசலில் வைத்தார். தெருவைக் கடந்து நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"சாம்பலெண்டா கடலுக்கு மேல சுத்துற ஆமி ஹெலிகொப்டருக்குத் தெரியாது. செம்மஞ்சளெண்டா எங்கட படகு என்னைக் கண்டுபிடிக்கும்."

"சாம்பலே எடுங்க அண்ணே. சுட்டுட்டா?"

"சுட்டா உடம்பாவது வீட்டுக்குப் போகும் தம்பி. காணாமப் போனா, மனுசி வாசலைப் பாத்துக்கொண்டே இருப்பா."

செம்மஞ்சளைக் கட்டிக் கொடுத்தேன். அடுத்தவர் எரிந்த சுவருக்கு வெள்ளை கேட்டார். அதையும் எடுத்துக் கொடுத்தேன்.