சக்கரத்துக்குப் பூசிய விபூதி

பிரேக்கை அழுத்தினேன். சைக்கிள் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இன்னும் வேகமாகப் போனது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிறு காலை. எங்கள் மலைச்சாலையில், ரிங்லெட் ஊரிலிருந்து கம்போங் ராஜா ஊர் வரைக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் வைத்திருந்தார்கள். நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளி வாத்தியார். வயது நாற்பத்திரண்டு, தொப்பை தனி. சைக்கிளுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. முடித்துக் காட்டுகிறேன் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டதால் பின்வாங்க வழியில்லை.

கியா பார்ம் வரைக்கும் ஏற்றம்தான். பிரேக்குக்கு வேலையே இல்லை. தாண்டியதும் இறக்கம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், எதிரே காய்கறி லோரி. என் இரண்டு பிள்ளைகளின் முகமும் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"முருகா!" என்று கத்தினேன். முதல் வளைவில் ஒரு தேங்காய் உடைப்பதாகச் சொன்னேன். இரண்டாம் வளைவில் அது நூற்றெட்டு ஆனது. மூன்றாவதில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். தலையில் அப்போதே பாதி காலி. அதை முருகன் கவனிக்கக்கூடாது என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். நாலாவது வளைவில் பேரம் பேச என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அழுகைதான் வந்தது. "எப்படியாவது நிறுத்துப்பா."

"சார்! மேட்டுல ஏத்துங்கலா! மேட்டுல!"

ஒரு பெண்ணின் குரல். பார்த்தால், சாலையோரம் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதை. கைப்பிடியைத் திருப்பினேன். சைக்கிள் மேட்டில் திணறி, தானாகவே நின்று, என்னை முட்டைக்கோஸ் கழிவில் மெதுவாகப் படுக்க வைத்தது.

கத்தியவர் மாரியாயி. என்னிடம் படிக்கும் பையனின் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோட்டத்தில் கூலி வேலை. அவர் சக்கரத்தின் ரிம்மைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தார்.

"நல்லெண்ணெய். யாரு சார் தேச்சது?"

"நான்தான். நேத்து வாகனப் பூஜை. பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"தலைக்குத் தேய்க்கிறத சைக்கிளுக்குத் தேச்சா அது எப்படி சார் நிக்கும்?" சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "சாம்பல் போட்டுத் தேச்சா எண்ணெய் போயிடும். இங்க அடுப்புக்கு எங்க போறது?"

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கோயில் விபூதிப் பொட்டலம். காலையில் என் மனைவி சரசு திணித்தது. "இதை வச்சுக்கிட்டா சைக்கிள் ஓடிடுமா?" என்று அவளைக் கேலி செய்திருந்தேன்.

"சக்கரத்துக்கு எப்படிம்மா இதை... சாமி கோவிச்சுக்காதா?"

"நெத்தியில இருந்தாத்தான் காப்பாத்துமா சார்? குடுங்க."

அவர் தலைத்துண்டால் இரண்டு சக்கரத்தையும் அழுத்தித் தேய்த்தோம். பிறகு பிரேக்கைப் பிடித்தேன். கிறீச்சென்று நின்றது. அதைவிட இனிய சத்தத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

கோலா தெர்லா தாண்டிக் கம்போங் ராஜா போய்ச் சேர்ந்தபோது மேசை நாற்காலியை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் நான். அங்கே காத்திருந்த சரசு என் நெற்றியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். "இடம் மாறிப் பூசிட்டீங்களே" என்றாள். அப்புறம் அழுதாள்.

நூற்றெட்டுத் தேங்காயும் உடைத்தேன். மொட்டையும் போட்டேன், நாவிதருக்கு இரண்டே நிமிட வேலை. அதுவரை சாமி கும்பிடுவது எனக்கு வெள்ளிக்கிழமைப் பழக்கம். இப்போது முருகனோடு தினமும் பேசுகிறேன், பேரம் பேசுவதில்லை. நான் கத்திக் கேட்டதை அவன் காலையிலேயே என் பையில் போட்டு அனுப்பியிருந்தானே!

அன்பர்களே, தவிக்கும்போது அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட கையோடு சட்டைப்பையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நல்லெண்ணெயை மட்டும் விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.